கடன் கட்ட முடியாம போனா பி.எஃப்., கிராஜுவிட்டி, பென்ஷன் எல்லாம் கைய விட்டுப் போயிடுமா?

கடன் நெருக்கும்போது நம்மள்ல நிறைய பேரு முதல்ல கை வைக்கிறது பி.எஃப். பணத்துலதான். பர்சனல் லோன் நாலு மாசமா கட்டல, கிரெடிட் கார்டு பாக்கி ஏறிக்கிட்டே போகுது, ரெக்கவரி ஏஜென்ட் போன் போட்டு "பி.எஃப்.ல பணம் இருக்குல்ல சார், எடுத்து கட்டுங்க, இல்லன்னா கோர்ட் ஆர்டர் வாங்கி நாங்களே எடுத்துக்குவோம்"னு சொல்றான், அன்னைக்கு ராத்திரியே மனுஷன் ஆன்லைன்ல க்ளெய்ம் போட்டு பதினஞ்சு இருபது வருஷ சேமிப்ப எடுத்துடுறாரு. அந்த ஏஜென்ட் சொன்னது உண்மை இல்ல. பி.எஃப். கணக்குக்குள்ள இருக்குற பணத்த உங்க கடனுக்காக பேங்க் எடுக்க முடியாது, கோர்ட்டும் ஜப்தி பண்ண முடியாது, 1952-லயே இத சட்டமா எழுதி வச்சாச்சு. நீங்களே உங்க கையால வெளிய எடுத்தாதான் அந்தப் பாதுகாப்பு போகும். இந்த ஒரு விஷயம் தெரியாததாலதான் வயசான காலத்துக்குன்னு வச்சிருந்த பணம் அத்தனையும் நிறைய வீடுகள்ல கரைஞ்சு போகுது, அதனால இத கொஞ்சம் விலாவாரியாவே சொல்றேன்.

முதல்ல கடன் குடுத்தவங்க உங்க சொத்து வரைக்கும் எப்படி வர்றாங்கன்னு பாக்கலாம். வீட்டுக் கடன், நகைக் கடன், கார் லோன் இதெல்லாம் ஒரு பொருள அடமானமா வச்சு வாங்குறது. கட்டலன்னா அந்தப் பொருள் மேல நேரா வருவாங்க. வீட்ட பொறுத்தவரைக்கும் 2002-ல வந்த சர்ஃபாசி சட்டப்படி 60 நாள் நோட்டீஸ் குடுத்துட்டு, கேஸ் போட்டு ஜெயிக்காமலே அத எடுத்து ஏலம் விடுற அதிகாரம் பேங்குக்கு இருக்கு. பர்சனல் லோன், கிரெடிட் கார்டு, கைமாத்து, ப்ரோநோட்டு இதுக்கெல்லாம் அடமானம் எதுவும் இல்ல, அதனால அவங்க கோர்ட்டுக்குத்தான் போயாகணும், இல்ல 20 லட்சத்துக்கு மேலன்னா பேங்க் கடன் வசூல் தீர்ப்பாயத்துக்கு போகலாம், அதான் டி.ஆர்.டி. அங்க டிகிரி, அதாவது பணத்த கட்டணும்னு கோர்ட் குடுக்குற தீர்ப்பாணை வாங்கி, அப்புறம் அந்த டிகிரிய நிறைவேத்தச் சொல்லி இ.பி. மனு போட்டு, அதுக்கப்புறம்தான் சம்பளம், பேங்க் அக்கவுண்ட், நிலம், வண்டின்னு ஜப்திக்கு வர முடியும். ஏஜென்ட் போன்ல சொல்ற மாதிரி நாளைக்கே ஒண்ணும் நடக்காது.

அப்படி ஜப்திக்கு வந்தாலும் எல்லாத்தையும் தொட முடியாது. 1908-ம் வருஷத்து சிவில் நடைமுறைச் சட்டத்துல 60-வது பிரிவுன்னு ஒண்ணு இருக்கு, எதையெல்லாம் ஜப்தி பண்ணலாம் எதையெல்லாம் பண்ணக் கூடாதுன்னு அதுல வரிசையா போட்டிருக்காங்க. உடுத்துற துணி, சமைக்கிற பாத்திரம், படுக்கை, கைத்தொழில் செய்றவரோட கருவி, மத வழக்கப்படி ஒரு பொம்பள கழட்டக் கூடாத நகை, அப்படியே போய் பென்ஷன், கிராஜுவிட்டி (வேலைய முடிச்சுப் போகும்போது கிடைக்கிற பணிக்கொடை), சேமநல நிதி (அதான் பி.எஃப்.), பி.பி.எஃப். (பொதுச் சேமநல நிதி), ஆயுள் காப்பீட்டுப் பணம் வரைக்கும் அந்தப் பட்டியல் நீளுது. மனுஷன் கடன்பட்டாலும் சோறு தின்னு, வேலை செஞ்சு, வயசான பிறகு யார் கையையும் எதிர்பாக்காம இருக்கணும்னு யோசிச்சு எழுதின பிரிவு அது. டி.ஆர்.டி.யோட வசூல் அதிகாரிக்கும் இதே வரம்புதான், பேங்குக்குன்னு தனிச் சலுகை கிடையாது.

இப்ப பி.எஃப்.க்கு வருவோம். தனியார் கம்பெனில வேலை பாக்குறவங்களுக்கு மாசாமாசம் சம்பளத்துல 12 சதவீதம் பிடிக்கிறாங்களே அந்த இ.பி.எஃப்., அதுக்கான 1952 சட்டத்துல 10-வது பிரிவு என்ன சொல்லுதுன்னா, உறுப்பினர் கணக்குல இருக்குற தொகைய அவரு யாருக்கும் எழுதிக் குடுக்க முடியாது, அடமானம் வைக்க முடியாது, அவரு பட்ட எந்தக் கடனுக்காகவும் எந்த கோர்ட் டிகிரியாலயும் ஜப்தி பண்ண முடியாது, அவரு திவால் ஆனாலும் கோர்ட் நியமிக்கிற அதிகாரிக்கு அந்தப் பணத்து மேல உரிமை கிடையாது. பி.எஃப்.ஓட சேர்ந்து வர்ற பென்ஷனுக்கும் இன்சூரன்ஸுக்கும் இதே பாதுகாப்பு உண்டு. அடமானம் வைக்க முடியாதுங்கிறத நல்லா கவனிங்க. "பி.எஃப். செக்யூரிட்டில லோன் தர்றோம், இந்த பத்திரத்துல கையெழுத்து போடுங்க"ன்னு எவனாவது வந்தா அந்த பத்திரத்துக்கு சட்டத்துல மதிப்பே இல்ல. பெரிய கம்பெனிங்க சிலது பி.எஃப்.அ தாங்களே ஒரு டிரஸ்ட் வச்சு நடத்துவாங்க, அதுல இருக்குறவங்களுக்கும் இது பொருந்தும். தொழிலாளர் சட்டங்கள ஒண்ணா சேர்த்து 2020-ல சமூகப் பாதுகாப்பு தொகுப்புச் சட்டம் கொண்டு வந்தாங்க, 2025 நவம்பர்ல அது நடைமுறைக்கும் வந்திருக்கு, அதனால வக்கீல் நோட்டீஸ்ல பிரிவு நம்பர் போடும்போது மட்டும் அன்னைக்கு எது நடைமுறைல இருக்குன்னு வக்கீல்கிட்ட ஒரு தடவ சரி பாத்துக்கோங்க.

அரசு ஊழியர்களோட ஜி.பி.எஃப்.க்கு 1925 சேமநல நிதிச் சட்டம் இருக்கு, அதுலயும் ஜப்தி கூடாதுன்னுதான் இருக்கு. கிராஜுவிட்டிக்கு 1972 சட்டத்தோட 13-வது பிரிவு இருந்துச்சு, அதுல சிவில் கோர்ட், வருவாய் கோர்ட், கிரிமினல் கோர்ட் எதோட உத்தரவாலயும் ஜப்தி கிடையாதுன்னு தெளிவா போட்டிருந்தாங்க, இப்ப அந்தச் சட்டத்தோட இடத்துல மேல சொன்ன 2020 தொகுப்பு வந்திருக்கு, 60-வது பிரிவுப் பட்டியல்ல கிராஜுவிட்டி அப்படியேதான் இருக்கு. அரசு பென்ஷனுக்கு 1871-ல வெள்ளைக்காரன் காலத்துல போட்ட பென்ஷன் சட்டத்தோட 11-வது பிரிவுதான் இன்னும் காவல், கடன் குடுத்தவர் கேட்டா கோர்ட் பென்ஷன தொடக் கூடாதுன்னு சொல்லுது. அடுத்த 12-வது பிரிவு இன்னும் அழகு, இனிமே வரப்போற பென்ஷன முன்கூட்டியே ஒருத்தருக்கு எழுதிக் குடுத்தா அது செல்லாது. கிராமத்துப் பக்கம் பென்ஷன் புக்கையும் ஏ.டி.எம். கார்டையும் வட்டிக்காரன்கிட்ட அடமானம் வச்சுட்டு மாசாமாசம் அவன் எடுத்துக் குடுக்குற மிச்சத்துல காலம் தள்ளுற பெரியவங்க இருக்காங்க. அந்த ஏற்பாட்டுக்கு சட்டத்துல ஒரு பைசா மதிப்பு இல்ல, கார்ட திருப்பிக் கேக்க அவங்களுக்கு முழு உரிமை இருக்கு, வீட்ல இருக்குற படிச்ச பிள்ளைங்க தயவுசெஞ்சு இத எடுத்துச் சொல்லி அந்த கார்ட திருப்பி வாங்கிக் குடுங்க.

சம்பளம் மட்டும் பாதிப் பாதுகாப்புதான். டிகிரி வாங்கினவங்க சம்பளத்த ஜப்தி பண்ணலாம், ஆனா முதல் 1,000 ரூபாயும், மிச்சத்துல மூணுல ரெண்டு பங்கும் உங்களுக்கு விட்டுடணும். 40,000 சம்பளம்னா 27,000 உங்களுக்கு, 13,000 வரைக்கும்தான் பிடிக்கலாம். ஒரே டிகிரிக்காக மொத்தம் 24 மாசம் பிடிச்சு முடிச்சாச்சுன்னா அந்த டிகிரிக்கு அதுக்கு மேல சம்பளத்துல பிடிக்கவே கூடாது. ஆனா பொண்டாட்டி பிள்ளைக்கு ஜீவனாம்சம்னு கோர்ட் உத்தரவு இருந்தா கணக்கு தலைகீழ், மூணுல ஒரு பங்குதான் உங்களுக்கு மிஞ்சும். அது நியாயம்தான்னு எனக்குத் தோணுது, குடும்பத்துக்கு சோறு போடுறதும் பேங்க்காரனுக்கு வட்டி கட்டுறதும் ஒண்ணு கிடையாது.

கடை வச்சிருக்குறவங்க, சொந்தத் தொழில் பண்றவங்க, டிரைவர், ஃப்ரீலான்சர் இவங்களுக்கெல்லாம் இ.பி.எஃப். கிடையாது. இவங்களுக்குத்தான் கடன் ஆபத்தும் ஜாஸ்தி, ஏன்னா தொழில் கடனுக்கு சொந்தப் பேர்ல கையெழுத்து போட்டிருப்பாங்க. இவங்க தெரிஞ்சு வச்சுக்க வேண்டியது பி.பி.எஃப். போஸ்ட் ஆபீஸ்லயோ பேங்க்லயோ இந்தியால வசிக்கிற யாரு வேணாலும் தொடங்கலாம், வருஷத்துக்கு 500 ரூபாய்ல இருந்து 1.5 லட்சம் வரைக்கும் போடலாம், 15 வருஷம். 1968 சட்டத்துலயே ஜப்தி கூடாதுன்னு இருந்துச்சு, 2019 டிசம்பர்ல வந்த புது பி.பி.எஃப். திட்டத்துலயும் கணக்குல இருக்குற தொகைய எந்த கோர்ட் டிகிரியாலயும் கணக்குதாரரோட கடனுக்காக ஜப்தி பண்ண முடியாதுன்னு போட்டிருக்காங்க. ஆனா பி.பி.எஃப்.ல இருந்தே நீங்க லோன் எடுத்திருந்தா அத நீங்க கட்டித்தான் ஆகணும், அது வேற. 15 வருஷம் முடிஞ்சவுடனே மொத்தமா எடுத்து சேவிங்ஸ் அக்கவுண்ட்ல போடணும்னு இல்ல, அஞ்சஞ்சு வருஷமா நீட்டிக்கிட்டே போகலாம், தொழில்ல கடன் இருக்குறவங்க அப்படி உள்ளயே வச்சிருக்குறதுதான் நல்லது. திருப்பூர்ல பனியன் யூனிட் நடத்துற ஒருத்தருக்கும், சிவகாசில அச்சகம் வச்சிருக்குற ஒருத்தருக்கும் நான் ஒரே ஒரு விஷயம் சொல்லணும்னா இததான் சொல்லுவேன்: லாபம் வர்ற வருஷத்துல எல்லாத்தையும் தொழில்லயே போடாதீங்க, கொஞ்சத்த பி.பி.எஃப்.க்கு நகத்துங்க.

ஆயுள் காப்பீடு இன்னொரு வழி. கடன்பட்டவரோட உயிர் மேல எடுத்த பாலிசிப் பணமும் அந்த 60-வது பிரிவுப் பட்டியல்ல இருக்கு. அதுக்கு மேல இன்னும் பலமா வேணும்னா 1874 திருமணமான பெண்கள் சொத்துச் சட்டம், அதோட 6-வது பிரிவு. கல்யாணம் ஆன ஆம்பள தன் மேல பாலிசி எடுக்கும்போதே இந்தச் சட்டப்படின்னு தனி படிவத்துல கையெழுத்து போட்டா அந்தப் பாலிசி பொண்டாட்டி பிள்ளைங்களுக்கான டிரஸ்ட் மாதிரி ஆயிடும், அவரோட கடன்காரங்களும் தொட முடியாது, அவரும் பின்னாடி மனசு மாறி பயனாளி பேர மாத்த முடியாது. பாலிசி எடுத்து முடிச்ச பிறகு இதுக்குள்ள கொண்டு வர முடியாது, எடுக்கும்போதே ஏஜென்ட்கிட்ட கேட்டு வாங்கணும். கடன் குடுத்தவங்கள ஏமாத்தணும்னே பிரீமியம் கட்டினதா நிரூபிச்சா மட்டும் அந்த பிரீமியம் அளவுக்கு அவங்க கேக்கலாம்.

பாதுகாப்பு இல்லாதது எதெல்லாம்னா, சாதாரண ஃபிக்சட் டெபாசிட், மியூச்சுவல் ஃபண்ட், ஷேர், தங்கம், மனை, சீட்டுப் பணம். "ரிட்டயர்மென்ட் ஃபண்ட்"னு பேர் வச்ச மியூச்சுவல் ஃபண்டா இருந்தாலும் சட்டத்துக்கு அது வெறும் யூனிட்தான், ஜப்தி பண்ணலாம். பேர வச்சு ஏமாந்துடாதீங்க.

இனிமேதான் முக்கியமான இடம், ஏன்னா பெரும்பாலானவங்களுக்கு பிரச்சனை வர்றது இங்கதான். ரிட்டயர் ஆகி பணம் பேங்க் அக்கவுண்டுக்கு வந்துடுச்சு. இப்ப அந்தப் பணம் என்ன? பென்ஷன், கிராஜுவிட்டி பணமா, இல்ல அக்கவுண்ட்ல கிடக்குற சாதாரண பணமா? இந்தக் கேள்வி சுப்ரீம் கோர்ட் வரைக்கும் போயிருக்கு. பஞ்சாப் நேஷனல் பேங்க் சம்பந்தப்பட்ட ஒரு கடன் கேஸ்ல, ஓய்வுபெற்ற ஒருத்தர் தன்னோட ஓய்வுப் பலன்கள ஃபிக்சட் டெபாசிட்டா போட்டு வச்சிருந்தாரு, அந்த டெபாசிட்ல கை வைக்க முடியுமான்னு கேள்வி. 2008-ல சுப்ரீம் கோர்ட் சொன்னது, பென்ஷனும் கிராஜுவிட்டியும் கைக்கு வந்து டெபாசிட்டா மாறினாலும் அதோட தன்மை மாறாது, 60-வது பிரிவு பாதுகாப்பு அதுக்கும் உண்டுன்னு. ரொம்ப மனிதாபிமானமான தீர்ப்பு அது, ரிட்டயர் ஆன எந்த மனுஷன் தன் பணத்த பேங்க்ல போடாம தலகாணிக்கு அடில வச்சிருப்பாரு?

ஆனா அந்தத் தீர்ப்ப நம்பி அசால்ட்டா இருந்துடக் கூடாது. இந்தப் பணம் எங்க இருந்து வந்துச்சுன்னு காட்ட வேண்டியது உங்க பொறுப்பு. கிராஜுவிட்டி வந்த அக்கவுண்ட்லயே வாடகையும் வருது, பையன் அனுப்புற பணமும் வருது, பழைய நிலத்த வித்த காசும் வந்து சேருது, அதுல இருந்தே வண்டி வாங்குனீங்க, கல்யாணச் செலவு பண்ணீங்கன்னா எது கிராஜுவிட்டி எது வாடகைன்னு கோர்ட்ல பிரிச்சுக் காட்டுறது ரொம்பக் கஷ்டம். அதனால ஓய்வுப் பணத்துக்குன்னு தனியா ஒரு அக்கவுண்ட், அதுல வேற எந்தப் பணமும் வரக் கூடாது, அதுல இருந்து போடுற டெபாசிட் ரசீது, கம்பெனி குடுத்த செட்டில்மென்ட் கடிதம், பி.எஃப். பாஸ்புக் பிரிண்ட் எல்லாத்தையும் ஒரு ஃபைல்ல போட்டு வைங்க. பென்ஷனையும் கிராஜுவிட்டியையும் பத்தித்தான் அந்தத் தீர்ப்பு பேசுது, பாதி சர்வீஸ்ல நீங்களா க்ளெய்ம் போட்டு எடுத்த பி.எஃப். பணத்துக்கு அதே பலத்தோட வாதாட முடியும்னு நம்பிக்க வேணாம். பி.எஃப். எடுத்து வீடு கட்டினீங்கன்னா அது வீடு, பி.எஃப். இல்ல, வீட்ட ஜப்தி பண்ணலாம்.

அடுத்து ஆட்டோ டெபிட். சட்டம் தடுக்குறது கோர்ட் ஜப்தியத்தான். மாசத் தவணைய என் அக்கவுண்ட்ல இருந்து தானாவே எடுத்துக்கோங்கன்னு நீங்களே கையெழுத்து போட்டு குடுத்த இ.எம்.ஐ. மேண்டேட்ட அது தடுக்காது, பணம் வந்த நாளே இ.எம்.ஐ. பாக்கி, பெனால்டி எல்லாத்தையும் உருவிக்கிட்டு போயிடும். லோன் வாங்கின பேங்க்லயே செட்டில்மென்ட் பணத்தையும் போட்டீங்கன்னா பேங்க் தன் பாக்கிக்கு அத ஈடுகட்டப் பாக்கும், அப்புறம் நீங்கதான் ஓடி ஓடி பேங்க் மேல வர்ற புகார விசாரிக்கிற ஓம்பட்ஸ்மேன்கிட்டயும் கோர்ட்லயும் கேட்டு வாங்கணும். அதனால கடன் எதுவும் இல்லாத ஒரு பேங்க்ல, மேண்டேட் எதுவும் இல்லாத ஒரு அக்கவுண்ட்ல ஓய்வுப் பணம் வர்ற மாதிரி முன்னாடியே மாத்தி வச்சுக்கோங்க, இது ஏமாத்துறது கிடையாது, உங்க பணம் எந்த அக்கவுண்டுக்கு வரணும்னு முடிவு பண்றது உங்க உரிமை. இன்னொன்னு, லோன் பேப்பர்ல "சட்டப் பாதுகாப்ப நான் விட்டுக் குடுக்குறேன்"னு ஒரு வரி பொடி எழுத்துல இருந்து நீங்க கையெழுத்து போட்டிருந்தாலும் பயப்பட வேணாம், 60-வது பிரிவுலயே அப்படிப்பட்ட ஒப்பந்தம் செல்லாதுன்னு தனியா ஒரு உட்பிரிவு சேர்த்திருக்காங்க.

திவால் விஷயம். நம்ம ஊர்ல மஞ்சக் கடுதாசி குடுத்துட்டான்னு சொல்றோமே, அதுக்கான சட்டம் சென்னை, மும்பை, கொல்கத்தா மூணு நகரத்துக்கு 1909-ல போட்டது, மத்த ஊருக்கெல்லாம் 1920-ல போட்டது. 2016-ல திவால் சட்டத் தொகுப்பு வந்துச்சு, ஆனா அதுல தனிமனுஷங்களுக்கான பகுதிய 2019 டிசம்பர் 1-ல இருந்து கம்பெனிக் கடனுக்கு ஜாமீன் போட்டவங்களுக்கு மட்டும்தான் நடைமுறைக்கு கொண்டு வந்தாங்க, சாதாரண ஆளுங்களுக்கு பழைய சட்டம்தான். மதுரைலயோ கோயம்புத்தூர்லயோ ஒருத்தர் திவால் மனு போட்டா அவர் சொத்து கோர்ட் நியமிக்கிற ரிசீவர் கைக்கு போகும், ஆனா ஜப்தி பண்ணக் கூடாதுன்னு சட்டம் சொன்ன எதுவும் அந்தச் சொத்துல சேராதுன்னு 1920 சட்டத்தோட 28-வது பிரிவுலயே இருக்கு. அதனால பி.எஃப்., பி.பி.எஃப்., பென்ஷன் தப்பிச்சுடும். 2016 சட்டத்துலயும் சேமநல நிதி, பென்ஷன் நிதி, கிராஜுவிட்டி நிதில இருந்து ஊழியருக்கு வர வேண்டியது திவாலானவர் சொத்துல சேராது, அடமானம் வைக்காத ஆயுள் காப்பீடும் பென்ஷன் பிளானும்கூட விலக்குதான்.

ஜாமீன் கையெழுத்துன்னு சொன்னேன்ல, அத ஒரு நிமிஷம் அழுத்திச் சொல்லிடுறேன். கடனே வாங்காத, ஒழுங்கா ரிட்டயர் ஆன வாத்தியாரும் கிளார்க்கும் கோர்ட் வாசப்படி ஏறுறது மச்சினன் லோனுக்கோ கூட வேலை பாத்தவர் லோனுக்கோ ஷூரிட்டி போட்டதாலதான். சட்டத்துக்கு ஜாமீன்தாரரும் கடன் வாங்கினவரும் ஒண்ணுதான், பேங்க் அவர விட்டுட்டு நேரா உங்ககிட்ட வரலாம். ரிட்டயர் ஆக அஞ்சு வருஷம் இருக்குறப்போ யாரு கேட்டாலும் ஜாமீன் போடாதீங்க, உறவு முறிஞ்சாலும் பரவால்லன்னுதான் நான் சொல்லுவேன்.

நீங்க நல்லா இருந்து உங்க கம்பெனி முழுகிப் போனா என்ன ஆகும்னு ஒரு பயம் இருக்கும். பி.எஃப். பணத்த நிர்வாகம் பண்ற இ.பி.எஃப்.ஓ.வுக்கு கட்டி முடிச்ச பணம் கம்பெனியோட சொத்தே இல்ல, அதனால கம்பெனியோட கடன்காரங்களுக்கு அதுல வேலை இல்ல. 2016 திவால் சட்டத்தோட 36-வது பிரிவும் கம்பெனிய கலைக்கும்போது ஊழியர்களோட பி.எஃப்., பென்ஷன், கிராஜுவிட்டி நிதிப் பணம் கலைக்கிற சொத்துக் கணக்குல வராதுன்னு சொல்லுது. 2019 ஏப்ரல்ல பறக்குறத நிறுத்தின ஜெட் ஏர்வேஸ் கேஸ்ல ஊழியர்களுக்கு பி.எஃப்.பும் கிராஜுவிட்டியும் குடுத்தாகணும்னு 2022 அக்டோபர்ல கம்பெனி சட்ட மேல்முறையீட்டு தீர்ப்பாயம் சொல்லுச்சு, 2023 ஜனவரில சுப்ரீம் கோர்ட்டும் அதுல தலையிடல. உண்மையான ஆபத்து என்னன்னா, உங்க சம்பளத்துல பிடிச்சுட்டு கட்டாமலே விட்ட கம்பெனிங்க. சிலிப்ல பி.எஃப். பிடிச்சதா இருக்கும், பாஸ்புக்ல வந்திருக்காது. கம்பெனி நல்லா இருக்கும்போது இத கண்டுபிடிச்சா வசூல் பண்ணிடலாம், மூடின பிறகு அலையணும், அதனால மாசம் ஒரு தடவ அரசோட உமாங் ஆப்ல பாஸ்புக்க பாருங்க, வரலன்னா உடனே பி.எஃப். ஆபீஸ்ல புகார் குடுங்க.

கடன் வாங்கினவர் இறந்து போனா அந்த வீட்டுக்கு ஏஜென்ட் வந்து நின்னு, புருஷன் போன துக்கத்துல இருக்குற பொம்பளகிட்ட "பி.எஃப். வந்துச்சுல்ல, அதுல கட்டும்மா"ன்னு கேக்குற கொடுமையும் நடக்குது. இதுக்கும் 1952 பி.எஃப். சட்டத்தோட அந்த 10-வது பிரிவுலயே பதில் இருக்கு. உறுப்பினர் இறந்த பிறகு நாமினிக்கு வர்ற பணம் இறந்தவரோட கடனுக்கும் பொறுப்பில்ல, அவர் இறக்குறதுக்கு முன்னாடி நாமினி பட்ட சொந்தக் கடனுக்கும் பொறுப்பில்ல, ஜப்தியும் பண்ண முடியாது. பி.எஃப்.ஓட சேர்ந்த இன்சூரன்ஸ், அதிகபட்சம் 7 லட்சம் வரைக்கும் வரும், அதுக்கும் இதே கதைதான். இதெல்லாம் சுலபமா கிடைக்கணும்னா நாமினேஷன் சரியா இருக்கணும். கல்யாணத்துக்கு முன்னாடி அம்மா பேர போட்டிருப்பீங்க, கல்யாணம் ஆனவுடனே அது செல்லாமப் போயிடும், புதுசா போடணும். யு.ஏ.என்.னு சொல்ற உங்க பி.எஃப். நம்பர வச்சு உள்ள போற போர்ட்டல்ல ஆதார் ஓ.டி.பி. வச்சு பத்து நிமிஷ வேலை, இத படிச்சு முடிச்சதும் முதல்ல அத செஞ்சுடுங்க.

இவ்வளவு சொன்னதும் சிலருக்கு வேற யோசனை வரும், அப்ப சொத்தெல்லாத்தையும் பொண்டாட்டி பேர்லயும் மாமனார் பேர்லயும் மாத்திட்டு கடன் கட்டாம இருந்துடலாமான்னு. முடியாது, கூடவும் கூடாது. கடன் குடுத்தவங்கள ஏமாத்துறதுக்காக சொத்த மாத்தினா 1882 சொத்து மாற்றுச் சட்டத்தோட 53-வது பிரிவுப்படி அந்த மாற்றத்த ரத்து பண்ணச் சொல்லி அவங்க கேஸ் போடலாம். மேல சொன்ன பாதுகாப்பெல்லாம் மாசாமாசம் நேர்மையா சேர்த்த ஓய்வுப் பணத்துக்கு. அது இருக்குறதால கடன் மறைஞ்சும் போயிடாது, வட்டி ஓடும், சிபில் கெட்டுப் போகும், சம்பளத்துலயும் மத்த சொத்துலயும் அவங்க வசூல் பண்ணலாம். முதுமைக்கான அந்த ஒரு பங்கு மட்டும் தனியா நிக்கும்.

அப்ப கடன அடைக்க பி.எஃப். எடுக்கவே கூடாதான்னு கேட்டா, கணக்கு போட்டுப் பாக்கணும். கார்டு பாக்கிக்கு மாசம் 3.5 சதவீதம்னா வருஷத்துக்கு 42 சதவீதம் ஆகுது, பி.எஃப்.ல 2024-25-க்கு வந்தது 8.25. வெறும் கணக்குப்படி பி.எஃப். எடுத்து கார்ட மூடுறதுதான் சரி. வேலை நிலையா இருக்கு, 80,000 ரூபாய் எடுத்தா கார்டு பாக்கி மொத்தமும் முடிஞ்சு அந்த கார்டயே ரத்து பண்ணிடுவீங்கன்னா, விதிமுறை அனுமதிக்குற அளவுக்கு எடுக்குறது தப்பில்ல. ஆனா நான் பாக்குற ஆளுங்க நிலைமை அப்படி இல்ல. 15 லட்சம் கடன், பி.எஃப்.ல 4 லட்சம், அத எடுத்துப் போடுறது யானைப் பசிக்கு சோளப்பொரி, ஆறு மாசத்துல கடன் பழையபடி 15 லட்சத்துக்கு வந்து நிக்கும், தொட முடியாத இடத்துல பத்திரமா இருந்த 4 லட்சமும் போயிருக்கும். அஞ்சு வருஷ சர்வீஸ் முடியலன்னா எடுக்குற பணத்துக்கு வரி வேற. அந்த நிலைமைல இருக்குறவங்க பேங்க்கிட்ட எழுத்துல போய் இ.எம்.ஐ. குறைக்கச் சொல்லியோ ஒரே தவணைல செட்டில் பண்ணவோ பேசணும். பி.எஃப்.அ தொட முடியாதுன்னு ரெண்டு பேருக்கும் தெரிஞ்சிருந்தா பேங்கும் கொஞ்சம் இறங்கி வரும், ஏன்னா கோர்ட்டுக்கு போனாலும் பெருசா ஒண்ணும் கிடைக்காதுன்னு அவங்களுக்கே தெரியும். அதனால பேசும்போது பி.எஃப்.ல எவ்வளவு இருக்குன்னு நீங்களா வாயத் திறந்து சொல்லாதீங்க. காலைல 8 மணிக்கு முன்னாடியும் சாயங்காலம் 7 மணிக்கு மேலயும் வசூலுக்கு போன் பண்ணக் கூடாதுன்னு 2022 ஆகஸ்ட்ல ரிசர்வ் பேங்க் சொல்லியிருக்கு, மீறினா தேதி நேரத்தோட குறிச்சு வச்சு புகார் குடுங்க.

கடைசியா, இதெல்லாம் மீறி ஒரு நாள் பென்ஷன் அக்கவுண்ட் முடங்கிப் போச்சுன்னு வைங்க. பேங்க் மேனேஜர்கிட்ட சண்டை போட்டு பிரயோஜனம் இல்ல, எந்த கோர்ட், எந்த கேஸ் நம்பர்ல உத்தரவு வந்துச்சுன்னு அந்தக் காகிதத்தோட நகல முதல்ல கேட்டு வாங்குங்க. சிவில் கோர்ட் உத்தரவுன்னா டிகிரிய நிறைவேத்துற அதே கோர்ட்லயே சிவில் நடைமுறைச் சட்டத்தோட 47-வது பிரிவுல ஆட்சேபணை மனு போடலாம், டி.ஆர்.டி. வசூல் அதிகாரியோட உத்தரவுன்னா 30 நாளுக்குள்ள தீர்ப்பாயத்துல மேல்முறையீடு பண்ணணும், இந்த 30 நாள் தவறிடக் கூடாது. கூடவே அந்த ஃபைல்ல வச்ச செட்டில்மென்ட் கடிதம், பென்ஷன் உத்தரவு, பணம் வந்த நாள்ல இருந்து இன்னைக்கு வரைக்கும் ஸ்டேட்மென்ட். வக்கீல் வைக்க காசு இல்லன்னா ஒவ்வொரு மாவட்ட கோர்ட் வளாகத்துலயும் சட்டப் பணிகள் ஆணைக்குழு ஆபீஸ் இருக்கு, பெண்களுக்கு வருமானம் எவ்வளவுன்னு பாக்காமலே அங்க இலவசமா வக்கீல் குடுப்பாங்க, வருமானம் கம்மியா இருக்குற ஆம்பளைங்களுக்கும் உண்டு.